கண்ணா, கேமராவா?
வானம் பார்ப்போர் பக்கம்: வாசகர் கேள்வி – பதில்

போன மாதம் இந்தப் பக்கத்தில், ஓரியன் விண்மீன் கூட்டத்தில் உள்ள ஒளிரும் வாயு மேகமான ஓரியன் நெபுலாவைப் பற்றி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் திரும்பத் திரும்ப ஒரே கேள்வி: கண்ணால் பார்ப்பதா, படம் எடுப்பதா? முப்பது வருடமாகத் திருப்பத்தூரில் மொட்டை மாடியிலிருந்தும் ஆலங்காயம் தாண்டி ஜவ்வாது மலை அடிவாரத்திலிருந்தும் கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பவள் நான். கோவையில் இருக்கும் என் தம்பி படம் எடுக்கிறவன். இரண்டு பேருடைய அனுபவத்தையும் சேர்த்தே இங்கே பதில் சொல்கிறேன்.

ஆம்பூர், கல்லூரி மாணவர்: டீச்சர், பகுதி நேர வேலை பார்த்து 35,000 ரூபாய் சேர்த்திருக்கிறேன். ஓரியன் நெபுலாவை அந்த இளஞ்சிவப்பு நிறத்தோடு படம் எடுக்க ஆசை. ஒரே தொலைநோக்கியில் பார்க்கவும் செய்யலாம், படமும் எடுக்கலாம் என்று கடையில் சொல்கிறார்கள். வாங்கலாமா?

அதை நம்பி வாங்க வேண்டாம் தம்பி. பார்க்கிற வேலைக்கும் படம் எடுக்கிற வேலைக்கும் பணம் போகிற இடமே வேறு. பார்ப்பதற்கு வேண்டியது அகலமான கண்ணாடி. விட்டம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு ஒளி உள்ளே வரும். அதைத் தாங்க ஒரு மரப்பெட்டி போதும், கையால் தள்ளித் தள்ளிப் பார்க்கலாம். அதுதான் டாப்சோனியன். படம் எடுக்கிறவருக்குக் குழாய் சின்னதாக இருந்தாலும் சமாளித்துவிடலாம். ஆனால் அதைத் தாங்கும் மவுண்ட் பூமி சுழலும் வேகத்துக்கு ஈடாக, ஒரு மணிக்கு 15 டிகிரி வீதம், அதிராமல் திரும்ப வேண்டும். அப்படி ஒரு நல்ல மவுண்ட் மட்டுமே உங்கள் சேமிப்பை மொத்தமாக விழுங்கிவிடும். அதற்கு மேல் கேமரா, பவர் பேங்க், லேப்டாப் எல்லாம் இருக்கின்றன. இரண்டும் முடியும் என்று விற்கிற விலை குறைந்த கருவியில் பெரும்பாலும் இரண்டுமே அரைகுறையாகத்தான் இருக்கும். பெட்டியின் மேல் “525 மடங்கு பெரிதாகக் காட்டும்” என்று போட்டிருந்தால் எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.

உங்கள் தொகையை ஒட்டி ஓர் ஆறு அங்குல டாப்சோனியன் கிடைக்கிறதா என்று பாருங்கள். சனியின் வளையமும் வியாழனின் பட்டைகளும் முதல் இரவே தெரியும். படம் எடுக்கும் ஆசையையும் தள்ளிப்போட வேண்டாம். யாரிடமாவது ஒரு டிஎஸ்எல்ஆர் கேமராவும் முக்காலியும் இரவல் வாங்குங்கள். 500-ஐ லென்சின் குவிய நீளத்தால் வகுத்தால் வரும் எண்தான் நட்சத்திரங்கள் கோடாக இழுபடாமல் எடுக்கக்கூடிய விநாடிகள். 18 மி.மீ. லென்சுடன் சாதாரண டிஎஸ்எல்ஆர் என்றால், சென்சார் சிறியது என்பதற்கு ஒன்றரையால் பெருக்கிக்கொண்டு, சுமார் 18 விநாடி. ஓரியன் முழுவதும் சட்டத்துக்குள் வந்துவிடும். ஓரியன் வேடனின் இடுப்பு வாளாகத் தொங்கும் நட்சத்திர வரிசையின் நடுவில், லேசான சிவப்புப் பொட்டாக நெபுலாவும் தெரியும்.

அந்தச் சிவப்பு ஹைட்ரஜனின் ஒளி, அலைநீளம் 656 நானோமீட்டர். இருட்டில் வேலை செய்கிற நம் கண்ணின் கோல் செல்களுக்கு அந்தச் சிவப்பு எட்டுவதே இல்லை. சாதாரண கேமராவிலும் சென்சாருக்கு முன்னால் உள்ள வடிகட்டி அதில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். அதனால்தான் இதற்கென்றே சிலர் அந்த வடிகட்டியைக் கழற்றி மாற்றுகிறார்கள். நீங்கள் பார்த்த இளஞ்சிவப்புப் படத்துக்குப் பின்னால் மணிக்கணக்கான உழைப்பு இருக்கிறது. அதை எடுத்தவரை மதியுங்கள். ஆனால் அதை எதிர்பார்த்து ஐபீஸில், அதாவது கண் வைத்துப் பார்க்கும் வில்லையில், கண்ணை வைக்காதீர்கள்.

ஆரணி, குடும்பத் தலைவி: என் மகளுக்குப் பதினோரு வயது. பள்ளியில் தொலைநோக்கியில் ஓரியன் நெபுலாவைக் காட்டினார்களாம். “வெறும் புகைம்மா, போட்டோவுல இருக்கிற மாதிரி இல்ல” என்று முகம் வாடி வந்தாள். அவளுக்கு என்ன சொல்வது?

“நீ பார்த்தது சரிதான் கண்ணு” என்று முதலில் சொல்லுங்கள். அவள் பார்த்தது உண்மையிலேயே புகை மாதிரிதான் இருந்திருக்கும். பெரியவர்கள் யாரும் முன்கூட்டிச் சொல்லாததுதான் தவறு. வரிசையில் நின்று அரை நிமிடம் பார்த்திருப்பாள். பக்கத்தில் யாரோ மொபைலைத் திறந்திருப்பார்கள். கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் வேண்டும். ஒரு மொபைல் வெளிச்சம் போதும், அத்தனையும் போய்விடும்.

இந்த மாதம் நிலவு இல்லாத ஒரு நாள் பார்த்து மாடிக்குக் கூட்டிப் போங்கள். பிப்ரவரி நடுவில் இரவு எட்டு மணிக்கு ஓரியன் தலைக்கு மேலேயே நிற்கும், தேட வேண்டியதில்லை. பைனாகுலர் இருந்தால் போதும். டார்ச்சின் முகத்தில் பூங்கொத்து சுற்றி வருகிற சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மடிப்பாகச் சுற்றி ரப்பர் பேண்ட் போடுங்கள். ஒரு நோட்டு, 2பி பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் வீட்டு டவராவைக் கவிழ்த்து அதைச் சுற்றி ஒரு வட்டம் போடச் சொல்லுங்கள். என் நோட்டுகளில் உள்ள வட்டங்கள் எல்லாம் டவரா வட்டங்கள்தான்.

முதலில் நட்சத்திரங்களைப் புள்ளி வைக்கட்டும். பிறகு நெபுலாவை நேராகப் பார்க்காமல் பார்வையை ஒரு விரல் அகலம் தள்ளி வைத்து, ஓரக்கண்ணால் கவனிக்கட்டும். கண்ணின் நடுப்பகுதியில் கோல் செல்கள் இல்லை. அதனால் மங்கலான பொருளை நேராகப் பார்த்தால் மறையும், ஓரத்தால் பார்த்தால் தெரியும். புகை என்றாளே, அதற்கு ஒரு பக்கம் கூரான விளிம்பும் இன்னொரு பக்கம் கரைந்து போகிற விளிம்பும் இருப்பதைப் பத்து நிமிடத்தில் அவளே கண்டுபிடிப்பாள். பென்சில் கோட்டை விரல் நுனியால் தேய்த்து அந்தக் கரைந்து போகிற விளிம்பைக் கொண்டுவரலாம்.

எட்டு அங்குலத் தொலைநோக்கி வழியே பார்த்தால் நடுவில் நான்கு நட்சத்திரங்கள் சின்னச் சரிவகமாக நிற்கும். டிரபீசியம் என்று பெயர். காற்று அசையாத இரவில் ஐந்தாவது, ஆறாவது நட்சத்திரங்களும் ஊசி முனையாக எட்டிப் பார்க்கும். ஆறாவதை நான் முதல் முறை பிடித்த இரவில் வீட்டுக்காரரை எழுப்பிக் கூட்டி வந்து காட்டினேன். அவருக்குத் தெரியவில்லை. மறுபடி பார்த்தபோது எனக்கும் தெரியவில்லை. அரை மணி நேரம் இருவரும் மாறி மாறிக் காத்திருந்தோம். காற்று ஒரு கணம் அடங்கியபோது அவர், “ஆமா, இருக்கு” என்றார். அந்த வட்டத்துக்குக் கீழே தேதியுடன் அவர் பெயரும் இருக்கிறது.

இன்னொன்றையும் மகளிடம் சொல்லுங்கள். நீண்ட நேரம் எடுத்த படங்களில் இந்த நடுப்பகுதி பெரும்பாலும் வெள்ளையாக எரிந்து போயிருக்கும், டிரபீசியமே காணாது. பளிச்சென்றிருப்பதையும் மங்கலையும் ஒரே பார்வையில் வைத்துக்கொள்ளக் கண்ணால் முடிகிறது.

சென்னை வேளச்சேரி, மென்பொருள் ஊழியர்: சீஸ்டார் எஸ்50 என்ற தானியங்கித் தொலைநோக்கி வாங்கினேன். மொபைலில் பெயரைத் தட்டினால் அதுவே தேடிப் பிடித்துப் படம் எடுத்துத் தருகிறது. “இது வானியலே இல்லை, நீ பார்க்கவே இல்லையே” என்கிறார் நண்பர். அவர் சொல்வது சரியா?

நண்பர் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வேளச்சேரி வானத்தில் ஒரு விண்மீன் மண்டலத்தை (கேலக்ஸியை) கண்ணால் பார்க்க முயன்று பாருங்கள், புரிந்துவிடும். வானமே பால் ஊற்றியது போல் வெளுத்திருக்கும்போது கண்ணால் அந்த வெளுப்பைக் கழித்துப் பார்க்க முடியாது. கேமராவால் முடியும். உங்கள் கருவியின் விட்டம் வெறும் 50 மி.மீ. ஆனால் பத்துப் பத்து விநாடியாக எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது நட்சத்திர ஒளி கூடிக்கொண்டே போகிறது, படத்தில் தாறுமாறாகத் தெரியும் புள்ளிகள் அடங்குகின்றன. கண் பத்தில் ஒரு விநாடி அளவுக்குத்தான் ஒளியைச் சேர்த்து வைக்கும். அதற்கு மேல் எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் சேராது. நகரவாசிக்குக் கேமரா ஒரு வரம் என்றே சொல்வேன்.

வரலாறும் உங்கள் பக்கம்தான். 1845-இல் அயர்லாந்தில் ரோஸ் பிரபு 72 அங்குலத் தொலைநோக்கி வைத்து எம் 51 என்ற விண்மீன் மண்டலத்தின் சுருள் வடிவத்தைக் கண்ணால் பார்த்து வரைந்தார். ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலத்திலோ எத்தனையோ பேர் கண்ணால் பார்த்தும் சுருள் வடிவம் பிடிபடவில்லை. 1888-இல் ஐசக் ராபர்ட்ஸ் 20 அங்குலத் தொலைநோக்கியில் படம் எடுத்தபோதுதான் அது தெளிவானது. ஓரியன் நெபுலாவை முதன்முதலில் படம் பிடித்தவர் அமெரிக்காவின் ஹென்றி டிரேப்பர், 1880 செப்டம்பர் 30 அன்று. 51 நிமிடம் ஒளிப்படத் தட்டைத் திறந்து வைத்திருந்தார். அவருக்குக் கிடைத்ததைவிட அதிக விவரம் உங்கள் மொட்டை மாடியில் உங்களுக்குக் கிடைக்கிறது.

ஆனாலும் உங்களுக்கும் ஒரு வார்த்தை. நிலா, கோள்கள், இரட்டை நட்சத்திரங்கள் மூன்றையும் நகர வெளிச்சம் கெடுப்பதில்லை. உங்கள் கருவியில் வியாழன் பட்டாணியைவிடச் சிறிய பொட்டாகத்தான் வரும். அதே மாடியில் ஒரு டாப்சோனியன் வழியே பார்த்தால் வியாழனின் பட்டைகளையும், வியாழனின் நிலவு ஒன்றின் நிழல் ஒரு மைப்புள்ளியாக அதன் மேல் நகர்வதையும் காணலாம். அந்த இரவுகளில் நண்பர் வீட்டுக்குப் போங்கள். மற்ற இரவுகளில் அவரை உங்கள் வீட்டுக்குக் கூப்பிடுங்கள்.

எனக்கும் தம்பிக்கும் நடந்ததைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் மலையடிவாரத்தில் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் கருவிகளை வைத்தோம். அவன் மூன்று மணி நேரம் ஓரியன் நெபுலாவை எடுத்தான், நான் வரைந்தேன். விடியற்காலையில் அவனுடைய லேப்டாப் திரையைப் பார்த்தபோது, நெபுலாவின் ஒரு சிறகு நான் எப்போதும் வரைகிற இடத்தைத் தாண்டி வளைந்து சுற்றி வந்திருந்தது. இருபது வருடமாக அது எனக்குத் தெரிந்ததே இல்லை. அடுத்த அமாவாசைக்கு அதே இடத்துக்குப் போய், எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு ஓரக்கண்ணால் பார்த்தேன். இருந்தது! மெல்லிய மூச்சுப் போல, இல்லை என்று சொல்ல முடியாதபடி இருந்தது. அவனும் என் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, “அக்கா, நடுவுல இவ்வளவு இருக்கா?” என்றான். அவன் படத்தில் அங்கே வெறும் வெள்ளை. ஐந்து விநாடிப் படங்கள் தனியாக எடுத்து அந்த இடத்தில் சேர்த்தான், டிரபீசியம் வந்தது. இன்றைக்கும் எது உயர்ந்தது என்று என்னிடம் யாராவது கேட்டால் அந்த இரண்டு படங்களையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டுகிறேன்.

திருநெல்வேலி, வாசகர்: படம் எடுப்பதற்காக, அச்சைத் துருவத்துக்கு நேராக வைத்துத் திருப்புகிற ஈக்வடோரியல் மவுண்ட் வாங்கினேன். துருவ நட்சத்திரம் தெரியவே மாட்டேன் என்கிறது. எடைக்கட்டை முக்காலியில் இடிக்கிறது. கருவியில் குறையா?

குறை கருவியில் இல்லை. வடக்கே வாழ்கிறவர்களை மனதில் வைத்துச் செய்த கருவி அது. துருவ நட்சத்திரம் உங்கள் ஊரின் அட்சரேகை அளவு உயரத்தில்தான் நிற்கும். நெல்லையில் அது ஏறக்குறைய 8.7 டிகிரி. நீட்டிய கையின் முஷ்டி அளவுகூட இல்லை. பனைமரமோ தூசியோ மறைத்துவிடும். முதலில் உங்கள் மவுண்டை அவ்வளவு தாழ்வாகச் சாய்க்க முடியுமா என்று பாருங்கள். சிலவற்றை 15 டிகிரிக்குக் கீழே இறக்கவே முடியாது. இடிப்பதற்கு மருந்து, முக்காலியின் கால் ஒன்று நேர் வடக்கில் வராமல் இரண்டு கால்களுக்கு இடையிலான வெளி வடக்கில் வருமாறு திருப்பி வைப்பதுதான். மவுண்டுக்கும் முக்காலிக்கும் நடுவே ஒரு குழாய் நீட்டிப்பு போட்டால் இன்னும் நல்லது. மவுண்டின் அச்சைத் துருவத்துக்கு நேராகச் சரிசெய்ய, கேமரா எடுக்கும் படத்தில் உள்ள நட்சத்திரங்களை வைத்தே கணக்கிடும் மென்பொருள்கள் வந்துவிட்டன. துருவ நட்சத்திரமே தேவையில்லை. அதுவும் வேண்டாம் என்றால், தெற்கே ஒரு நட்சத்திரம் மெல்ல நகர்கிற திசையைப் பார்த்துத் திருத்துகிற பழைய டிரிஃப்ட் முறை இருக்கிறது. பொறுமை வேண்டும், ஆனால் ஒரு முறை தரையில் குறி வைத்துவிட்டால் அடுத்த இரவுக்கும் உதவும்.

வடக்கில் இழந்ததைத் தெற்கு உங்களுக்கு ஈடுகட்டிவிடும். ஒமேகா சென்டாரி என்ற கோளக் கொத்து (உருண்டையாகத் திரண்ட நட்சத்திரக் கூட்டம்) நெல்லையில் 33 டிகிரிக்கு மேல் ஏறி வரும். லண்டன்காரருக்கு அது தொடுவானத்துக்கு மேலே வருவதே இல்லை. முதல் படத்தை அதில் எடுங்கள்.

வேலூர், 67 வயது வாசகர்: கண்ணில் புரை இருக்கிறது. இனிமேல் தொலைநோக்கி எதற்கு, கேமராவுக்கு மாறிவிடலாமா?

அவசரப்பட வேண்டாம் ஐயா. எனக்கு இரண்டு வருடத்துக்கு முன் புரை எடுத்தார்கள். வயதான விழிவில்லை மஞ்சளாகிவிடுவதால் நீல ஒளி குறைவாகத்தான் உள்ளே வரும். அதை எடுத்துச் செயற்கை வில்லை வைத்த பிறகு ஒரு மாதம் கழித்து ஓரியனின் பாத நட்சத்திரமான ரிகலைப் பார்த்தேன். நீலமும் வெள்ளையுமாக, என் முப்பது வயதில் பார்த்த ரிகல். அறுவைச் சிகிச்சைக்கு முன், இரவில் வானம் பார்க்கிற பழக்கம் உண்டு என்று மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். பல தூரங்களுக்கும் பொருந்தும் மல்டிஃபோகல் வில்லைகளில் சிலருக்கு விளக்குகளைச் சுற்றி வளையம் தெரிகிறது. நட்சத்திரத்துக்கும் அப்படித் தெரிந்தால் சிரமம். முடிவை அவருடன் பேசி எடுங்கள்.

பைனாகுலர் வாங்குவதானால் 7×50 வேண்டாம், 10×50 வாங்குங்கள். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பது, இரண்டாவது முன்வில்லையின் விட்டம் மி.மீ.யில். 50-ஐ 7-ஆல் வகுத்தால் 7 மி.மீ.க்கு மேல் அகலமான ஒளிக்கற்றை வரும். நம் வயதில் கண்மணி 5 மி.மீ. விரிந்தாலே அதிகம், மீதி வீணாகும்.

புதுச்சேரி, வாசகி: இவ்வளவு கேமராக்கள் வந்த பிறகு, கண்ணால் மட்டும் பார்க்கிறவர்களால் வானியலுக்கு இன்று ஏதாவது பயன் உண்டா?

உங்கள் ஊரிலிருந்தே தொடங்குகிறேன். 1689 டிசம்பரில் ஷான் ரிஷோ என்ற ஏசு சபைப் பாதிரியார் புதுச்சேரியில் ஒரு வால் நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது ஆல்பா சென்டாரி ஒன்றல்ல, இரண்டு நட்சத்திரம் என்று கண்டார். வைகாசி இரவுகளில் உங்கள் ஊரில் தெற்கே 17 டிகிரி உயரத்தில் அது இன்றும் நிற்கும். சின்னத் தொலைநோக்கியிலேயே இரண்டாகப் பிரியும். 1867-இல் சென்னை வான்காணகத்தில் சிந்தாமணி ரகுநாதாச்சாரி ஆர் ரெட்டிகுலி என்ற மாறொளி நட்சத்திரத்தை, அதாவது பிரகாசம் கூடிக் குறைகிற நட்சத்திரத்தை, கண்டுபிடித்தார்.

எனக்கு மிகவும் நெருக்கமானவர் ராதாகோவிந்த சந்திரா. இன்றைய வங்கதேசத்தில் உள்ள ஜெஸ்ஸோரில் கருவூல எழுத்தர். பகலில் பணம் எண்ணுகிற வேலை, இரவில் மாறொளி நட்சத்திரங்கள். பக்கத்து நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு, இன்று எவ்வளவு பிரகாசம் என்று கண்ணால் மதிப்பிட்டு எழுதுவார். அமெரிக்க மாறொளி நட்சத்திர நோக்கர் சங்கத்துக்கு அவர் அனுப்பிய மதிப்பீடுகள் 37,000-க்கும் மேல். அவருடைய உழைப்பைப் பார்த்து அந்தச் சங்கம் 1926-இல் ஓர் ஆறு அங்குலத் தொலைநோக்கியைக் கடனாக அனுப்பி வைத்தது. பிற்பாடு அது வானியலாளர் வைணு பாப்புவிடம் வந்து, எங்கள் மாவட்டத்துக் காவலூர் வான்காணகத்துக்கே வந்து சேர்ந்தது. 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிற அதே வளாகத்துக்கு! அந்த மலைப்பாதையில் போகும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்வேன்.

அவர் செய்த வேலை இன்றும் நடக்கிறது. 2019 கடைசியில் திருவாதிரை நட்சத்திரம் மங்கத் தொடங்கியது நினைவிருக்கலாம். மிகவும் பிரகாசமான நட்சத்திரங்கள் பெரிய தொலைநோக்கிகளின் சென்சாருக்குக் கூசிவிடும். அதனால் கண்ணால் செய்த மதிப்பீடுகளுக்கு அப்போது மதிப்பு இருந்தது. அந்த மார்கழித் திருவாதிரை அன்று வீட்டில் களி கிண்டி வைத்துவிட்டு மாடிக்குப் போனேன். முழு நிலவுதான், ஆனாலும் பார்க்க முடிந்தது. ரோகிணியைவிட மங்கல், ஓரியனின் இன்னொரு தோளான பெல்லாட்ரிக்ஸைவிடச் சற்றுப் பிரகாசம் என்று எழுதினேன். பிப்ரவரியில் பெல்லாட்ரிக்ஸும் அதுவும் ஒன்றுபோல ஆகிவிட்டன. ஓரியனின் வலது தோளும் இடது தோளும் ஒரே அளவாக நின்றதைப் பார்த்தபோது எனக்கு வயிற்றில் ஏதோ செய்தது. கருவி எதுவும் இல்லை, வெறும் கண்தான். நீங்களும் இன்றிரவே தொடங்கலாம்.

திண்டுக்கல், ஆசிரியர்: 2031-இல் வரும் சூரிய கிரகணத்தைப் படம் எடுக்க இப்போதிருந்தே என்ன தயார் செய்ய வேண்டும்?

2031 மே 21. கேரளத்தில் நுழைந்து மதுரை வழியாகப் போகிற வளைய கிரகணம். 2019 டிசம்பர் 26 அன்று உங்கள் ஊர்ப் பக்கம்தான் ஒரு காட்டு வெளியில் நின்றேன். காலை ஒன்பதரை மணி, வளையம் மூன்று நிமிடம். தம்பியின் கேமராவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தேன். குவியம் நழுவியது. குனிந்து திருகிக்கொண்டிருந்தேன். சுற்றிலும் பிள்ளைகள் கத்துகிறார்கள், வெளிச்சம் பித்தளை நிறமாகிவிட்டது. நிமிர்ந்து கண்ணாடி போட்டுப் பார்த்தபோது வளையம் ஒரு பக்கம் அறுந்துகொண்டிருந்தது. படம் நன்றாகவே வந்தது. சுவரில் மாட்டியிருக்கிறோம். ஆனால் அந்த வளையத்தை நான் பார்க்கவில்லை, படம்தான் பார்த்தேன்.

ஆகவே சொல்கிறேன். சூரிய வடிகட்டியைத் தொலைநோக்கியின் முன்பக்கத்தில் மாட்டுங்கள், ஐபீஸ் பக்கம் ஒருபோதும் வேண்டாம். படத்தை, கைபடாமல் தானாக எடுக்கும்படி முந்தின நாளே ஒத்திகை பார்த்துவிடுங்கள். கிரகண நேரத்தில் கேமராவைத் தொடாதீர்கள். வளையம் இருக்கும் நிமிடங்களிலும் கிரகணக் கண்ணாடியைக் கழற்றக் கூடாது என்று பிள்ளைகளிடம் இப்போதிருந்தே சொல்லி வையுங்கள். வளைய கிரகணத்தில் சூரியன் முழுதாக மறைவதே இல்லை.